மைக்ரோவேவ் அடுப்பு: எதற்குப் பயப்பட வேண்டும்?

(வானொலி பண்ணை நிகழ்ச்சியில் பேசியது)



வழக்கமாக இந்த நேரத்தில் நாற்றங்கால், மேலுரம், பூச்சி மருந்து என்று வயல் சமாச்சாரம்தான் பேசுவோம். இன்றைக்கு வரப்பைத் தாண்டி உங்கள் சமையலறை வரைக்கும் வந்திருக்கிறேன். அதற்குக் காரணம் இருக்கிறது. கிராமங்களுக்குப் போகும்போது பயிரைப் பற்றிய கேள்வியெல்லாம் முடிந்த பிறகு, "சார், பையன் துபாயிலிருந்து வந்தப்போ ஒரு மைக்ரோவேவ் அடுப்பு வாங்கி வச்சிட்டுப் போயிட்டான். அதுல சூடு பண்ணிச் சாப்பிட்டா உடம்புக்குக் கெடுதல்னு சொல்றாங்களே, நிஜமா?" என்று கேட்கிறவர்கள் இப்போது நிறையப் பேர். சிலருக்கு அது மகள் கல்யாணத்தில் சீராக வந்தது. சிலர் தவணையில் வாங்கியது.

சில வீடுகளில் அந்த அடுப்பு அட்டைப்பெட்டி பிரிக்காமலே பரணில் இருக்கிறது. ஒரு வீட்டில் அதை அலமாரியாக்கி, ரேஷன் கார்டும் பாஸ் புத்தகமும் உள்ளே வைத்திருந்தார்கள். இன்னும் சில வீடுகளில் விவரம் தெரியாமலே தினமும் உபயோகிக்கிறார்கள். இந்த மூன்றாவது வகை வீடுகளைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

ஒரே ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த அடுப்பைப் பொறுத்தவரை கண்ணுக்குத் தெரியாத அலையை நினைத்துத்தான் எல்லோரும் பயப்படுகிறோம். ஆனால் இதனால் வீடுகளில் வருகிற காயம் பெரும்பாலும் கொதிக்கும் நீராலும், நீராவியாலும், எர்த் இல்லாத மின் இணைப்பாலும்தான் வருகிறது. பயப்பட வேண்டியதற்குப் பயந்தால் போதும், அடுப்பு நமக்கு அடங்கி வேலை செய்யும்.

எப்படிச் சூடாகிறது?

விறகு அடுப்பானாலும் காஸ் அடுப்பானாலும், நெருப்பு முதலில் பாத்திரத்தைச் சூடாக்குகிறது, பாத்திரம் சோற்றைச் சூடாக்குகிறது. மைக்ரோவேவ் அடுப்பில் நெருப்பே கிடையாது. உள்ளே மேக்னட்ரான் என்று ஒரு கருவி இருக்கிறது. அது ஒரு வகை அலையை உண்டாக்குகிறது. நம் பேச்சை உங்கள் வீட்டுக்குக் கொண்டு வருகிற வானொலி அலை இருக்கிறதே, அதே குடும்பம்தான் இதுவும். என்ன வித்தியாசம் என்றால், இது நொடிக்கு 245 கோடி தடவை அதிர்கிறது. இந்த அலை உணவில் இருக்கிற நீரின் நுண்துகள்களை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பித் திருப்பி ஆட்டுகிறது. குளிர் காலத்தில் உள்ளங்கைகளைத் தேய்த்தால் சூடு வருகிற மாதிரி, அந்த ஆட்டத்தில் சூடு பிறக்கிறது.

விறகு அடுப்பில் ஈர விறகு எரியாது. இங்கே தலைகீழ். ஈரம் உள்ளதுதான் முதலில் சூடாகும். குழம்பு கொதிக்கும், அது இருக்கும் கண்ணாடிக் கிண்ணம் அவ்வளவாகச் சூடாகாது. ஈரமே இல்லாத பண்டம் லேசில் சூடாகாது.

இந்த விஷயத்தைக் கண்டுபிடித்தவர் பெர்சி ஸ்பென்சர் என்கிற அமெரிக்கர். பள்ளிப் படிப்பைச் சிறு வயதிலேயே நிறுத்தியவர். ராடார் கருவிக்கான மேக்னட்ரான் செய்யும் கம்பெனியில் இருந்தார். 1945-ல் ஒரு நாள் அந்தக் கருவிக்குப் பக்கத்தில் நின்றபோது சட்டைப்பையில் இருந்த மிட்டாய் உருகியதைப் பார்த்து, இதை வைத்துச் சமைக்கலாமே என்று யோசித்தார். 1947-ல் விற்பனைக்கு வந்த முதல் அடுப்பு ஆள் உயரம், எடை 300 கிலோவுக்கு மேல். அதுதான் இன்று சுருங்கி உங்கள் வீட்டு மேடையில் உட்கார்ந்திருக்கிறது.

அலை வெளியே வருமா?

"அப்படின்னா அந்த அலை வெளியே வந்து நம்மையும் வேக வைக்காதா?" என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான்.

அடுப்பு ஒரு இரும்புப் பெட்டி. இரும்பைத் தாண்டி அந்த அலை போகாது. கதவுக் கண்ணாடியை உற்றுப் பாருங்கள், பொடிப்பொடி ஓட்டைகள் உள்ள ஒரு தகடு தெரியும். அந்த அலையின் நீளம் சுமார் 12 சென்டிமீட்டர். ஓட்டையோ கேழ்வரகு அளவுதான். கோழிக்கூண்டு வலைக்குள் கோழிக்குஞ்சு நுழையும், ஆடு நுழையுமா? அதேபோல வெளிச்சம் அந்த ஓட்டை வழியே வரும், அதனால் உள்ளே இருப்பது நமக்குத் தெரியும். அலை வராது. கதவைத் திறந்த மாத்திரத்தில் அலை நின்று போகிற மாதிரி பூட்டும் வைத்திருக்கிறார்கள். விளக்கை அணைத்த பிறகு அறையில் வெளிச்சம் தங்குவதில்லை அல்லவா? அதுபோல அடுப்பு நின்றதும் அலையும் போய்விடும். சோற்றிலோ குழம்பிலோ தங்காது.

இம்மி கூடக் கசியாதா என்றால், மிகச் சிறிதளவு கசியலாம். அதற்கு உலக அளவில் வரம்பு கட்டியிருக்கிறார்கள். கதவிலிருந்து 5 சென்டிமீட்டர் தள்ளி அளந்தால், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 5 மில்லிவாட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. அமெரிக்காவில் 1971 முதல் இதுதான் சட்டம். ஒன்றரை அடி தள்ளி நின்றால் அதிலும் ஏறக்குறைய நூறில் ஒரு பங்குதான் மிஞ்சும். ஆஸ்பத்திரியில் எடுக்கிற எக்ஸ்ரே வேறு, இது வேறு. எக்ஸ்ரே போல உடம்பின் அணுக்களை உடைக்கிற சக்தி இதற்குக் கிடையாது. சூடாக்க மட்டும்தான் தெரியும்.

ஆனால் ஒரு நிபந்தனை. இத்தனை பாதுகாப்பும் கதவை நம்பித்தான் இருக்கிறது. கதவு கோணிப் போயிருந்தாலோ, கீல் தளர்ந்திருந்தாலோ, கண்ணாடி விரிசல் விட்டிருந்தாலோ, கதவு சரியாகப் படியாமல் இடைவெளி தெரிந்தாலோ உபயோகிக்காதீர்கள். கதவில் ஈரத் துணியைத் தொங்கவிடுவதும், குழந்தைகள் கதவைப் பிடித்துத் தொங்குவதும் கூடாது. அடுப்பு ஓடும்போது கண்ணாடியில் முகத்தை ஒட்டி வேடிக்கை பார்க்க வேண்டாம், ஓரடி தள்ளியே நில்லுங்கள். நெஞ்சில் இதயத் துடிப்புக் கருவி பொருத்தியவர்கள் வீட்டில் இருந்தால் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

எந்தப் பாத்திரம் வைக்கலாம்?

நம் வீடுகளில் முதல் சிக்கல் இதுதான். நம் சமையலறையில் முக்கால்வாசிப் பாத்திரம் எவர்சில்வர். எவர்சில்வர், அலுமினியம், பித்தளை, இரும்பு, வெள்ளி எதையும் மைக்ரோவேவில் வைக்கக் கூடாது. உலோகம் அலையைத் திருப்பி அடிக்கும். விளிம்பிலும் முனையிலும் படபடவென்று நெருப்புப் பொறி பறக்கும். உள்ளே ஒரு ஸ்பூன் மறந்திருந்தாலும் போதும். தங்கக் கரை போட்ட பீங்கான் தட்டு, ஓட்டலில் கட்டிக் கொடுக்கிற அலுமினியத் தாள், பின் அடித்த காகிதப் பொட்டலம் இவையும் அப்படித்தான்.

தடித்த கண்ணாடிக் கிண்ணம், கரை போடாத பீங்கான் நல்லது. பிளாஸ்டிக் என்றால், அடியில் மைக்ரோவேவுக்கு ஏற்றது என்று அச்சிட்டிருக்க வேண்டும். தயிர் டப்பா, ஐஸ்கிரீம் டப்பா, சாம்பார் கட்டிவரும் மெல்லிய பிளாஸ்டிக் பை எதுவும் ஆகாது, சூட்டில் இளகும். எண்ணெயும் சர்க்கரையும் உள்ள பண்டம் தண்ணீரைவிட அதிகச் சூடாகும் என்பதால் நல்ல பிளாஸ்டிக்கில்கூட அவற்றை வைக்க வேண்டாம். மண்சட்டி ஈரத்தைக் குடித்திருக்கும், சட்டியே கொதித்து விரிசல் விடும். செய்தித்தாளில் சுற்றி வைத்தால் தீப்பிடிக்கும்.

ஒரு கிண்ணத்தில் சந்தேகம் என்றால் இப்படிச் சோதித்துப் பாருங்கள். உலோகக் கிண்ணமாக இருக்கக் கூடாது, அதுதான் முதல் விதி. கிண்ணத்தைக் காலியாக வைத்து, பக்கத்தில் ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் வையுங்கள். ஒரு நிமிஷம் ஓட்டுங்கள். தண்ணீர் சூடாகி, கிண்ணம் சூடாகாமல் இருந்தால் உபயோகிக்கலாம். கிண்ணமே சூடாகிவிட்டால் அதை ஒதுக்கிவிடுங்கள்.

இன்னொரு குழப்பம் உண்டு. சில அடுப்புகளில் கிரில் என்றும் கன்வெக்‌ஷன் என்றும் வேறு இரண்டு வேலைகள் சேர்ந்திருக்கும். அந்த முறையில் கம்பியும் காற்றும் சூடாகி வேலை நடக்கிறது. அதற்காகவே அடுப்போடு ஒரு இரும்புக் கம்பித் தட்டு கொடுப்பார்கள். கிரில்லில் வைத்த கம்பித் தட்டை அப்படியே விட்டு மைக்ரோவேவ் பொத்தானை அழுத்தினால் பொறி பறக்கலாம். கிரில்லில் பிளாஸ்டிக்கை வைத்தால் உருகும். எந்தப் பொத்தான் எந்த வேலைக்கு என்று கூட வந்த புத்தகத்தைப் பார்த்து, படித்த பிள்ளைகளை விட்டுத் தமிழில் ஒரு காகிதத்தில் எழுதி, அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டிவையுங்கள்.

கொதிக்காத கொதிநீர்

தாய்மார்கள் இதைக் கவனமாகக் கேளுங்கள். காஸ் அடுப்பில் தண்ணீர் கொதித்தால் குமிழி வரும், சத்தம் வரும், நமக்குத் தெரியும். மைக்ரோவேவில் வழவழப்பான சுத்தமான கண்ணாடி டம்ளரில் வெறும் தண்ணீரை வைத்து நீண்ட நேரம் ஓட்டினால், அது 100 டிகிரியைத் தாண்டியும் குமிழி விடாமல் சாதுவாக இருக்கும். சூடாகவில்லை போலிருக்கிறதே என்று எடுத்து, காபித்தூளைப் போட்டாலோ, ஸ்பூனை விட்டாலோ, லேசாக ஆட்டினாலோ, அத்தனை தண்ணீரும் ஒரே நொடியில் பொங்கி முகத்திலும் கையிலும் அடிக்கும்.

இதைத் தவிர்ப்பது சுலபம். தண்ணீர் வைக்கும்போது அதில் ஒரு மரக்கரண்டியோ மரக்குச்சியோ போட்டு வையுங்கள், குமிழி உண்டாக அது இடம் கொடுக்கும். தேவைக்கு மேல் நேரம் வைக்காதீர்கள். நின்ற பிறகு அரை நிமிஷம், ஒரு நிமிஷம் விட்டு எடுங்கள். டம்ளருக்கு மேல் முகத்தைக் குனியாதீர்கள்.

மூடிய பாத்திரத்தைத் திறக்கும்போது ஆவி அடிக்கும். மூடியை உங்கள் பக்கம் திறக்காமல், எதிர்ப்பக்கம் முதலில் தூக்குங்கள். உள்ளே வைக்கும்போதும் மூடியை இறுக்காமல் சும்மா மேலே வைத்தால் போதும்.

எவை வெடிக்கும்?

தோல் மூடிய பண்டம் எதுவானாலும் உள்ளே ஆவி சேரும், வெளியே போக வழியில்லாமல் வெடிக்கும். முட்டையை ஓட்டோடு ஒருபோதும் வைக்காதீர்கள். ஓடு உரித்த அவித்த முட்டையும் அப்படியே. சில சமயம் அது அடுப்புக்குள் வெடிக்காமல், கத்தி பட்டதும் அல்லது வாயில் வைத்துக் கடித்ததும் வெடிக்கும். குழந்தைகளுக்கு இதைச் சொல்லி வையுங்கள். முட்டையை இரண்டாக வெட்டி மெதுவாகச் சூடாக்குங்கள்.

உருளைக்கிழங்கு, சர்க்கரைவள்ளி, கத்தரிக்காய், தக்காளி இவற்றை முள்கரண்டியால் நாலைந்து இடத்தில் குத்திவிட்டுத்தான் வைக்க வேண்டும். மூடி திருகிய பாட்டில், இறுக மூடிய டப்பா கூடவே கூடாது. காய்ந்த மிளகாயை வறுக்கிறேன் என்று வைத்தால் கருகித் தீப்பிடிக்கும், அதன் நெடியில் வீட்டில் யாரும் நிற்க முடியாது. எண்ணெயைக் காய வைத்துப் பொரிப்பதற்கும் இந்த அடுப்பு ஏற்றதல்ல. உள்ளே எதுவும் வைக்காமல் வெறுமனே ஓட்டினால் மேக்னட்ரான் கெட்டுவிடும்.

குழந்தைக்குப் பால்

பேரக் குழந்தைக்குப் பாட்டி பால் சூடாக்குகிற இடத்தில்தான் அதிக எச்சரிக்கை வேண்டும். மைக்ரோவேவ் எல்லா இடத்தையும் ஒரே சீராகச் சூடாக்காது. பால் பாட்டிலைத் தொட்டுப் பார்த்தால் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும், உள்ளே ஒரு பக்கத்துப் பால் கொதித்துக்கொண்டிருக்கும். குழந்தைக்குச் சொல்லத் தெரியாது. வாயும் தொண்டையும் வெந்துபோகும். ஆகவே குழந்தைக்கான பாட்டிலை மைக்ரோவேவில் வைக்கவே வேண்டாம். தாய்ப்பால் எடுத்து வைத்திருந்தால் அதையும் வைக்க வேண்டாம். ஒரு பாத்திரத்தில் வெந்நீர் எடுத்து, அதில் பாட்டிலை நிறுத்தினால் சில நிமிஷத்தில் இதமான சூடு வந்துவிடும். குலுக்கிவிட்டு, மணிக்கட்டின் உள்பக்கம் இரண்டு சொட்டு விட்டுப் பார்த்துக் கொடுங்கள்.

மிச்சச் சோறும் குழம்பும்

அலை உணவுக்குள் இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழம்தான் போகும். அதற்கு உள்ளே இருப்பது, வெளிச் சூடு மெல்லப் பரவித்தான் சூடாக வேண்டும். அதனால் மேலே ஆவி பறக்கும், நடுவில் சில்லென்று இருக்கும். குளிர்ந்த இடத்தில் கிருமி சாகாது. கறிக்குழம்பு, மீன் குழம்பில் இது முக்கியம். கிண்ணத்தில் குவித்து வைக்காமல் பரப்பி வையுங்கள். பாதி நேரத்தில் நிறுத்திக் கிளறிவிட்டு மறுபடி ஓட்டுங்கள். நின்ற பிறகு இரண்டு நிமிஷம் மூடியே வையுங்கள், சூடு உள்ளே பரவும். நடுவிலும் ஆவி வருகிற அளவு, அதாவது 74 டிகிரியாவது சூடாக வேண்டும்.

வெறும் சோற்றில் இன்னொரு சங்கதி. மதியம் வடித்த சோற்றை ராத்திரி வரைக்கும் வெளியே வைத்துவிட்டு, "மைக்ரோவேவில் சூடு பண்ணினால் சரியாகிடும்" என்று நினைப்பது தவறு. சோற்றில் வளர்கிற ஒரு வகைக் கிருமி விடுகிற விஷம் சூட்டுக்கு அழியாது. வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். மீந்த சோற்றை இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்ப்பெட்டியில் வையுங்கள், ஒரே தடவை சூடாக்கிச் சாப்பிடுங்கள். நீர் ஊற்றிப் புளிக்க வைக்கிற நம் பழைய சோறு வேறு. அதைச் சூடாக்க வேண்டிய அவசியமே இல்லை.

சத்துப் போய்விடுமா என்று கேட்கிறார்கள். எந்த அடுப்பிலும் கொஞ்சம் போகத்தான் செய்யும். இதில் தண்ணீரும் குறைவு, நேரமும் குறைவு என்பதால் கீரை, காய்கறிகளின் சத்து நிறையவே தங்கும்.

மின்சாரம்: உயிர் போகிற இடம்

மோட்டார் பம்புசெட் வைத்திருக்கிற உங்களுக்கு எர்த்தைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் கிணற்றடியில் காட்டுகிற அக்கறையை வீட்டில் காட்டுவதில்லை. மைக்ரோவேவ் பிளக்கில் மூன்று முனை இருக்கும். பெரிய முனைதான் எர்த். "பிளக் பாயிண்டில் நுழையவில்லை" என்று அந்த முனையை ஒடித்துவிட்டுச் செருகுகிறார்கள். அல்லது இரண்டு முனை மாற்றியில் கோர்க்கிறார்கள். அடுப்பின் வெளிப்புறம் இரும்புத் தகடு. உள்ளே ஒரு வயர் தோல் உரிந்து தகட்டில் பட்டால், எர்த் இருந்தால் ஃபியூஸ் போகும், எர்த் இல்லாவிட்டால் தொடுகிற ஆள் போய்விடுவார். சமையலறையில் ஈரக் கையும் வெறுங்காலும் இருக்குமே!

ஆகவே, 16 ஆம்பியர் பிளக் பாயிண்டில் நேரடியாகச் செருகுங்கள். இரண்டு மூன்று சாமான்களைச் செருகுகிற நீட்டிப்புப் பெட்டியில் வேண்டாம். குளிர்ப்பெட்டியோடு ஒரே பாயிண்டில் சேர்க்காதீர்கள். வீட்டு எர்த்துக் குழியில் கரியும் உப்பும் இருக்கிறதா, கோடையில் தண்ணீர் ஊற்றுகிறோமா என்று பாருங்கள். எர்த் வயரைத் தண்ணீர்க் குழாயில் கட்டாதீர்கள். மின் கசிவு ஏற்பட்டால் தானே துண்டிக்கிற சாதனம், ஆர்.சி.சி.பி. என்பார்கள், 30 மில்லி ஆம்பியரில் கிடைக்கிறது. வீட்டுக்கு ஒன்று பொருத்திக்கொள்ளுங்கள். மைக்ரோவேவுக்கு மட்டுமா, வீட்டில் உள்ள அத்தனை பேருக்கும் அது காவல்.

கிராமத்தில் மும்முனை மின்சாரம் வரும்போதும் போகும்போதும் வோல்டேஜ் ஏறி இறங்கும். குறைந்த வோல்டேஜில் அடுப்பு சரியாகச் சூடாக்காது. நிறைய ஏறினால் கருவி போய்விடும். ஏற்ற இறக்கம் உள்ள ஊரில் அடுப்பின் வாட்டுக்கு ஏற்ற ஸ்டெபிலைசர் போடுங்கள். விளக்குக்கும் மின்விசிறிக்கும் வைத்திருக்கிற சிறிய இன்வெர்ட்டரில் ஓட்டாதீர்கள். இடி மின்னல் சமயத்தில் பிளக்கைக் கழற்றி வையுங்கள்.

செலவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அடுப்பு 1,200 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஐந்து நிமிஷம் ஓட்டினால் யூனிட்டில் பத்தில் ஒரு பங்கு. பத்துத் தடவை சூடாக்கினால் ஒரு யூனிட். ஒரு கிண்ணம் குழம்பு சூடாக்க இது சிக்கனம்தான். குடும்பத்துக்கே சோறு வடிக்க உங்கள் காஸ் அடுப்பே மேல்.

இடமும் சுத்தமும்

காற்று உள்ளே போய் வெளியே வர பக்கங்களில் துளைகள் இருக்கும். சுவரை ஒட்டி நெருக்கி வைக்காதீர்கள், பின்புறமும் பக்கமும் நாலு விரல் இடமாவது விடுங்கள், மேலே துணி போர்த்தாதீர்கள். காஸ் அடுப்புக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் பக்கத்தில் வேண்டாம். அந்தத் துளைகள் வழியாகக் கரப்பானும் எறும்பும் பல்லியும் குடிபுகும், எலி வயரைக் கடிக்கும். உள்ளே சிந்தியதை அன்றன்றைக்கே துடைத்தால் அவை வராது. காய்ந்துபோன சிந்தல் கருகிப் பொறி விடும், அதுவே தீக்குக் காரணமாகும். ஒரு கண்ணாடிக் கிண்ணத் தண்ணீரில் எலுமிச்சைத் துண்டும் மரக்கரண்டியும் போட்டு மூன்று நிமிஷம் ஓட்டி, கொஞ்ச நேரம் விட்டு, பிளக்கைக் கழற்றிவிட்டு ஈரத் துணியால் துடையுங்கள். அழுக்கு இளகி வந்துவிடும். பூச்சி மருந்தை உள்ளே அடிக்கவே கூடாது. ரேஷன் கார்டுக்கும் அது இடமில்லை.

தீப்பிடித்தால், சுட்டுவிட்டால்

உள்ளே தீ தெரிந்தால் பதறிக் கதவைத் திறக்காதீர்கள். திறந்தால் காற்றுப் புகுந்து தீ பெரிதாகும். சுவிட்சை அணையுங்கள், பிளக்கைப் பிடுங்குங்கள், கதவு மூடியே இருக்கட்டும், தானே அணைந்துவிடும். தண்ணீர் ஊற்றக் கூடாது.

கொதிநீர் பட்டுவிட்டால், உடனே குழாய்த் தண்ணீரில் 20 நிமிஷம் காட்டுங்கள். வளையல், மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள். பற்பசை, மை, நெய், மாவு, ஐஸ் கட்டி எதுவும் வேண்டாம். சுத்தமான துணியால் மூடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். முகம், கண், குழந்தை என்றால் தாமதிக்காமல் 108-க்குப் போன் செய்யுங்கள்.

விதை காய வைக்கலாமா?

விவசாயி என்றால் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. "மழை பிடிச்சிக்கிச்சு, விதை நெல் காயலை, அதுல ஒரு சுத்து விட்டு எடுக்கலாமா சார்?" கூடாது ஐயா, கூடவே கூடாது. ஈரம் உள்ளதுதான் முதலில் சூடாகும் என்று சொன்னேன் அல்லவா? விதைக்குள் இருக்கிற முளைக் கருவிலும் ஈரம் உண்டு. நெல் பார்க்க நன்றாக இருக்கும், முளைக் கரு வெந்திருக்கும். நாற்றங்காலில் போட்டுவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். விதை நெல்லை நிழல் வெயில் மாற்றி உலர்த்தி, ஈரப்பதம் 13 சதவீதத்துக்குக் கொண்டுவந்து சேமியுங்கள். காய்கறியில் உள்ள பூச்சி மருந்து போகும் என்று மைக்ரோவேவில் வைப்பதிலும் பிரயோஜனம் இல்லை. தெளித்தபின் காத்திருக்க வேண்டிய நாட்களைக் கணக்கிட்டுப் பறிப்பதும், நல்ல தண்ணீரில் கழுவுவதும்தான் வழி.

பழுது வந்தால்

கடைசியாக, நம் ஊரில் மோட்டார் காயில் சுற்றுகிற கெட்டிக்காரப் பிள்ளைகள் உண்டு. எதையும் பிரித்துப் பார்ப்பார்கள். அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மைக்ரோவேவ் அடுப்பின் மூடியைத் திறக்காதீர்கள். வீட்டில் வருவது 230 வோல்ட், உள்ளே மேக்னட்ரானுக்குப் போவது ஏறக்குறைய 4,000 வோல்ட். பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே இருக்கிற கபாசிட்டரில் மின்சாரம் தேங்கியிருக்கும். மடையை அடைத்த பிறகும் வாய்க்காலில் தண்ணீர் நிற்கிற மாதிரி. அதைத் தொட்டால் ஆள் தப்புவது கஷ்டம். கம்பெனி மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். பழசாகிப்போன அடுப்பைப் பிரித்து, உள்ளே இருக்கிற டிரான்ஸ்பார்மரை எடுத்து, வேலிக்கோ வேறு எந்த வேலைக்கோ உபயோகிக்க நினைக்காதீர்கள். மின்கழிவு வாங்குகிறவரிடம் முழுசாகக் கொடுத்துவிடுங்கள்.

சுருக்கமாகச் சொல்கிறேன், வீட்டில் உள்ளவர்களுக்கும் சொல்லுங்கள்:

உலோகப் பாத்திரம் உள்ளே போகக் கூடாது.
ஓட்டோடு முட்டையும், இறுக மூடிய டப்பாவும் கூடாது.
தண்ணீர் வைத்தால் மரக்கரண்டியோடு வையுங்கள், பொறுத்து எடுங்கள்.
குழந்தையின் பால் பாட்டிலை வைக்காதீர்கள்.
குழம்பைக் கிளறி, நடுவரைக்கும் சூடாக்குங்கள்.
எர்த் உள்ள மூன்று முனைப் பாயிண்ட் வேண்டும்.
கதவு கெட்டால் அடுப்பை நிறுத்துங்கள்.
மூடியைப் பிரிக்காதீர்கள்.

பிள்ளைகள் தூரதேசத்தில் சம்பாதித்து, அம்மாவுக்குக் கைவலி, அப்பாவுக்கு ராத்திரியில் சூடான கஞ்சி வேண்டும் என்று நினைத்து வாங்கி அனுப்புகிற சாமான் இது. அதைப் பரணில் போட்டு வைக்கவும் வேண்டாம், விவரம் தெரியாமல் தொடவும் வேண்டாம். அடுத்த முறை பிள்ளை போனில் கூப்பிடும்போது, அடுப்பின் அருகில் நின்று, எந்தப் பொத்தான் எதற்கு என்று ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இன்று சாயங்காலமே பிளக்கையும் எர்த்தையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.